கோமதிநாயகம் அண்ணாச்சியும் பாவுப் பொட்டல் பந்தயமும்

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். திருவேங்கடத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, படியில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கத்தினார். "வாத்தியாரே, பந்தயத்து அண்ணாச்சி போயிட்டாவ. விடியக்காலமாம். மத்தியானத்துக்குள்ள எடுத்திருவாவ. இதுலயே ஏறுங்க." யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறிவிட்டேன். சங்கரன்கோவிலில் இறங்கித் தெருவுக்கு ஓடியபோது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினி என்னைப் பார்த்ததும், "இம்புட்டு நேரம் வச்சிருந்தோமே தம்பி" என்று மட்டும் சொன்னார். சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சிதை பற்றி எரிந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கோமதிநாயகம் அண்ணாச்சியை உங்களில் பலர் பூப்பந்துப் பந்தயம் நடத்தியவராக அறிவீர்கள். கோப்பை கொடுக்கும் நாளில் மேடைப் பக்கமே வராமல் சமையல் கொட்டகையில் நிற்பார் என்பதையும் பார்த்திருப்பீர்கள். அது அடக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. அடக்கம் இல்லை. அது என்னவென்று கூட ஆடிய எங்களில் சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரிலும் மற்றவர்கள் இப்போது ஊர்ப்பக்கமே இல்லை. எனவே நான் சொல்கிறேன்.

எங்கள் நெசவாளர் தெருவுக்குப் பின்னால் ஒரு பொட்டல். காலையில் அங்கே பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுமுன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிற வேலை. வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பிறகு அந்த இடம் சும்மா கிடக்கும். சாயங்காலம் அங்கே கோடு போட்டு, வலை கட்டி, பக்கத்துக்கு ஐந்து பேராகப் பூப்பந்து ஆடுவோம். அண்ணாச்சி முன்வரிசை. பந்து வலையைத் தாண்டிய கணமே அவர் மட்டை அதன்மேல் இருக்கும். சுப்பையா பின்வரிசை. எங்கே அடித்தாலும் எடுத்துவிடுவான். இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ஆட்டத்தில் இருவருக்கும் நடுவரிசையில் நான், அதே தெருக்காரன், ஆரம்பப் பாடசாலை வாத்தியார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பந்தயத்தைத் தொடங்கினோம். பூப்பந்துக்கு வேண்டிய கம்பளிப் பந்து எந்தக் கடையிலும் இல்லை. மதினி கழிவு நூலை இறுகச் சுற்றி, மஞ்சளில் முக்கிக் காயவைத்துப் பந்து செய்து கொடுத்தார். குருவிகுளத்து ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "இதை அடிக்கணுமா, அம்மியில வச்சு அரைக்கணுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு பந்தயம் நடக்கும். இளையரசனேந்தல், குருவிகுளம், கடையநல்லூர் என்று பல ஊர்களிலிருந்தும் வருவார்கள். வந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு சாப்பாடு. தெருதான் கமிட்டி. வேறு கமிட்டி கிடையாது.

பிறகு அந்தப் பஞ்ச காலம் வந்தது. மழை பொய்த்து, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நெய்த சேலையை வாங்க ஆளில்லை. நெய்வதற்கு நூலும் இல்லை. என் பாடசாலைச் சம்பளமும் நின்றுபோனது. தறிச்சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் விழித்தபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை. 

சந்தைக்குப் பக்கத்தில் இலவசக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. கல்யாணச் சேலை நெய்துகொடுத்த கையில் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதா? சுப்பையாவின் மனைவி இசக்கி, பாவுக்குத் தடவ வைத்திருந்த மாவைக் கரைத்துக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அதுவும் தீர்ந்தது. மதினி போய்க் கேட்டபோதெல்லாம், "எல்லாரும் சாப்பிட்டாச்சு மதினி" என்றாள். மதினி வீட்டிலும் அதே பதில்தான் தயாராக இருந்தது.

சுப்பையா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். பின்வரிசையில் மலைபோல் நின்றவன். தோளில் பாரமே தெரியவில்லை. அவன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அன்றைக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அண்ணாச்சி தெருமுனையில் நின்று, "வாத்தியாரே, இந்த வருசம் பந்தயம் நடத்துதோம்" என்றார்.

தெரு கொதித்தது. மாடசாமி என்கிற பெரியவர் அண்ணாச்சியின் வீட்டுமுன் நின்று கத்தினார். "எளவு வீட்டு ஈரம் காயல. உமக்குப் பந்து கேக்குதோ வே? மனுசனா நீரு?"

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார். "மாடசாமி அண்ணாச்சி, பசிக்குதுன்னு நாம போய்க் கேக்கப் போறதில்ல. கேட்டாலும் இந்த ஊர்ல தரவனில்ல. பந்தயம்னா தருவான். பந்தயத்துச் சோறுன்னா நம்மாளும் சாப்பிடுவான். எனக்கு வேற வழி தெரியல. உமக்குத் தெரிஞ்சா சொல்லும்." மாடசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் நானும் அண்ணாச்சியும் பஞ்சுக் கமிஷன் கடை முதலாளியைப் பார்க்கப் போனோம். தெருவுக்குத் தானியம் வேண்டும் என்று முன்பு கேட்டபோது, "அதுக்குத்தான் தொட்டி வச்சிருக்காவளே" என்று அனுப்பிவிட்டவர் அவர். இப்போது அண்ணாச்சி, பந்தல் முகப்பில் அவர் பெயர், கோப்பையில் அவர் அப்பா பெயர், வெளியூர்க்காரர்களுக்கு அவர் பெயரில் சாப்பாடு என்று அடுக்கினார். முதலாளியின் முகம் மலர்ந்தது. கம்பும் சோளமும் கொஞ்சம் அரிசியும் வண்டியில் வந்து இறங்கின. திரும்பும் வழியில் அண்ணாச்சி ஒரு சுவரோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. "சுப்பையா சாவுறதுக்கு முந்தி எனக்கு இந்தப் புத்தி வரலியே வாத்தியாரே" என்றார்.

அந்தப் பந்தயத்தைப்போல் ஒரு பந்தயம் எங்கும் நடந்திருக்காது. தெருவில் வேலை இல்லாத ஆளே இல்லை. மாடசாமி கோடு பார்க்க வேண்டும். ஒருவர் வலையைக் காக்க வேண்டும். ஒருவர் புழுதிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நடக்க முடியாத கிழவர் ஒருவர் பந்துப் பெட்டிக்கு அதிகாரி. பெண்கள் எல்லாரும் கொட்டகையில் சமையல். பிள்ளைகள் கைதட்ட வேண்டும். "கைதட்டுதவன் வெறும் வயித்தோட தட்டப்பிடாது. சத்தம் வராது" என்று அண்ணாச்சி உத்தரவு போட்டார். வேலை பார்த்தவனுக்குச் சாப்பாடு; அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இசக்கி முதல்நாள் வரவில்லை. மறுநாள் அண்ணாச்சியே போய், "பந்து சுத்த ஆளில்லம்மா. உங்க மதினிக்கு ஒத்தைக் கையா முடியல" என்று சொல்லிக் கூட்டிவந்தார். பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாக அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மதினி சொல்லிவைத்திருந்தார்.

தோற்ற அணி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அதுவரை முறை. அந்த வருஷம், எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும் என்று அண்ணாச்சி மாற்றினார். பின்னால் சுற்றுவட்டாரமெல்லாம் அதைப் பின்பற்றியது. ஆட்டத்தில் பெரிய சீர்திருத்தம் என்று மேடைகளில் பேசினார்கள். சோறு போடும் நாட்களை நீட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படிப் பேசியவர்கள் யாரையும் அவர் திருத்தவில்லை.

கடையநல்லூர் அணித் தலைவர் சாகுல் பாய்க்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. அவரும் தறிக்காரர், அவர்கள் ஊரிலும் தறி நின்றுதான் கிடந்தது. இரண்டாம் நாள் பந்தியில் அவர் தம் ஆட்களைப் பாதியில் எழுப்பினார். "அண்ணாச்சி, எங்களுக்கு வயிறு நெறஞ்சிட்டு. மிச்சத்த இங்கன உள்ள புள்ளைகளுக்குப் போடுங்க" என்றார். அண்ணாச்சி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "பாய், உங்க வீட்லயும் அடுப்பு எரியலன்னு எனக்குத் தெரியும். ஒக்காருங்க. நீங்க எந்திரிச்சா என் சனமும் எந்திரிச்சிரும்." சாகுல் பாய் உட்கார்ந்தார். சாப்பிட்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

கடைசி ஆட்டம் கடையநல்லூருக்கும் எங்களுக்கும். சுப்பையாவின் இடத்தில் ஆள் போடவேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். நாலு பேராக ஆடினோம். பின்னால் விழுந்த பந்துகளை எடுக்க ஓடி ஓடி அவருக்கு மூச்சு இரைத்தது. எதிரணி சுப்பையாவின் அந்தக் காலி இடத்துக்கு அடிப்பதைத் தவிர்க்கிறது என்பது கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணாச்சி வலையருகே போய், "பாய், ஒழுங்கா ஆடுங்க" என்று அதட்டினார். அதன்பிறகு ஒழுங்காக ஆடினார்கள். நாங்கள் தோற்றோம். முதலாளி கோப்பையைக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. கடை வண்டி வந்து அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் எந்த வீட்டிலும் புகை இல்லை. உச்சிவேளையில் அண்ணாச்சி வீட்டுக் கதவு திறந்தது. பந்தயப் பனியனைப் போட்டுக்கொண்டு, கையில் போகணி என்று நாங்கள் சொல்லும் பித்தளைப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். பின்னால் மதினி, சின்ன மகள். கஞ்சித் தொட்டிக்குப் போகக் குறுக்குச் சந்து இருக்க, அவர் தெரு நடுவில் நடந்தார். ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டார். "கோடு பாக்குத மாடசாமி அண்ணாச்சி, வாரும்! வலைக்கார அண்ணாச்சி, வாங்க! பந்துப் பெட்டி அய்யாவ யாராவது கைத்தாங்கலா கூட்டிட்டு வாங்கலே!"

ஒரு கதவும் திறக்கவில்லை. தெருமுனை வரைக்கும் போய்விட்டார். திரும்பி நின்று கத்தினார். "ஏலே, நான் முன்னால நிக்கேன். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். நீங்க எனக்குப் பின்னால மறைஞ்சு நில்லுங்க. இன்னொருத்தனத் தூக்க என் தோள்ல தெம்பில்லலே..."

முதலில் வெளியே வந்தவள் இசக்கி. கையில் மண்சட்டி, சேலையைப் பிடித்தபடி பிள்ளைகள். அப்புறம் மாடசாமி. அப்புறம் நான், என் அம்மாவோடு. எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சில கதவுகள் கடைசிவரை திறக்கவில்லை. அந்த வாரமே சில குடும்பங்கள் கோயம்புத்தூர் பக்கம் ரயிலேறின. அவர்களில் சிலரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். கஞ்சி ஊற்றியவர் பனியனைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆட்டக்காரர்லா அண்ணாச்சி?" என்று கேட்டார். "ஆமா. ஊத்தும்" என்றார் அண்ணாச்சி. 

மழை பெய்தது, நூல் வந்தது, தறிகள் ஓடின. எல்லாத் தறியும் அல்ல. பந்தயமும் வருஷாவருஷம் நடந்தது, பெயரும் பெரிதாயிற்று. அண்ணாச்சி பிறகு மட்டையைத் தொடவில்லை. ஆடக் கூப்பிட்டால் இருமலைக் காரணம் சொல்வார். இருமல் உண்மைதான், அதுதான் அவரைக் கொண்டுபோனது. ஆனால் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "பந்தயத்த நடத்திப் பெரிய காரியம் பண்ணிட்டதா எல்லாரும் பேசுதாவ. எனக்கு வெக்கமா இருக்கு வாத்தியாரே. அந்தப் போகணியத் தூக்க எனக்கு அம்புட்டு நாளாச்சு. முந்தியே நான் போயிருந்தா, பின்னாலயே சுப்பையாவும் வந்திருப்பான். அவன் எப்பவும் எனக்குப் பின்னாலதான நின்னான்."  இல்லை என்று சொல்ல நினைத்தேன். அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். கட்டிலோடு கிடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி என்னிடம், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். அண்ணாச்சி இருமலுக்கு நடுவே கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "கேக்காத. கேட்டா சாப்பிட்டாச்சுன்னுதான் சொல்லுவான். எலையப் போடு."

என் பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று நான் அவர்களில் யாரையும் கேட்பதில்லை. மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிப்போய் இலையைப் போடச் சொல்கிறேன். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்.