எட்டெழுத்தோடு நின்ற ஒப்பீடு

ரஹீமின் குரலை அழித்தவன் நான். அது தேய்ந்து அழியவில்லை. நான் அழித்தேன்!

நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். பெரம்பலூரில் ஒரு கடையில் வேலை. வளைகுடா போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி சிடி போட்டுக் கொடுப்போம். கடைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம். அதன் கெர்னலை, அதாவது அடியில் கிடந்து எல்லாவற்றையும் இயக்கும் நிரலை, யாரும் திறந்து மாற்றலாம்.

இரண்டு கோப்புகளின் பெயர்கள் ஒன்றா என்று ஒப்பிடும் துண்டு அதில் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. ஒன்று போதுமே... மற்றவற்றை நீக்கி, அதை எழுதுகிறவர்களுக்கு அனுப்ப நினைத்தேன். என் பெயர் அதில் வரும் என்ற ஆசை. வேறென்ன!

"ஓடுற வண்டிய எதுக்குடா பிரிக்கிற?" என்றார் கடைக்கார அண்ணன். "நாளைக்கி ஆளு வந்தா ஒன் தலையிலயா சிடி போடுறது?"

"ஒண்ணும் ஆவாதுண்ணே."

எல்லாத் துண்டுகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றை விட்டு மற்றவற்றை நீக்கி, கடைக் கணினியிலேயே ஓடவிட்டேன். முழுக்கப் படித்தேனா? இல்லை. நான் விட்டுவைத்த துண்டு முதல் எட்டெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

அந்த வாரம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். சவூதியில் இறந்துபோன கணவர் அப்துல் ரஹீம் பேசிய கேசட். இருந்தது அது ஒன்றுதான். ஏற்றி முடித்த பிறகு நாடா பிளேயரில் சிக்கி நார்நாரானது. உள்ளே ஏறிவிட்டதே என்று குப்பையில் போட்டேன்.

மறுநாள் அப்துல் ரஹ்மான் என்பவரின் கேசட். கோப்புக்கு ஆள் பெயரைத்தான் வைப்போம்; ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு பெயருக்கும் முதல் எட்டெழுத்து ஒன்றுதான். இரண்டும் ஒரே கோப்பு என்று கெர்னல் எடுத்துக்கொண்டது. ரஹீமின் மேல் ரஹ்மான் பதிந்தார்.

தேடினேன்... தேடினேன்...

அக்கா மகளோடு வந்தார். "ரெடியா தம்பி? இவளுக்குப் பெத்த அத்தாங்கிறது அந்தக் கொரலு மட்டுந்தான்."

"கேசட் தேஞ்சு போயிருந்துச்சுக்கா. ஏத்துறதுக்கு முன்னாடியே சிக்கிக் கிழிஞ்சிருச்சு."

அவர் கத்தவில்லை. "நாந்தான் தேச்சுட்டேன்" என்றார். "டெய்லி போட்டுக் கேட்டேன்ல..."

"நான் அப்பவே சொன்னேன்ல, ஒரு நாளாச்சும் சும்மா வைம்மான்னு!" என்றாள் மகள்.

நான் மேசையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நிரலை அன்றே பழையபடி ஆக்கிவிட்டேன். அது எளிது. ஆனால் லப்பைக்குடிக்காட்டு பஸ் வந்து நின்றாலே கடைக்குள்ளே போய் நின்றுகொள்வேன். யாருக்காவது தெரிந்துவிடுமோ? தெரியாமலே போய்விடுமோ? எதற்கு அஞ்சினேன் என்று இன்றும் புரியவில்லை.

சில மாதம் கழித்து மகள் மட்டும் வந்தாள். பள்ளிச் சீருடையில்.

"அம்மாகூட நான் சரியாப் பேசுறதில்லண்ணே. நெசமாவே அம்மா போட்டுத் தேச்சதுனாலதான் கேசட்டு போச்சா?"

கடையில் வேறு யாரும் இல்லை. அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"ஆமாம்மா" என்றேன்.