அடைப்புக்குறியை நானே போட்டுக்கிறேன்

ஓசூர்ல பார்ட்ஸ் கம்பெனி எங்களுது. லாரி கேட்டைத் தாண்டணும்னா ஈ-வே பில்னு அரசாங்கத்தோட சரக்குச் சீட்டு வேணும். சரக்கு விவரத்தை ஜேசன் வடிவத்துல கோத்து அரசாங்க சைட்டுக்கு அனுப்புற புரோகிராம் என் பொறுப்பு. பக்கத்து சீட்டு மேடம் அதுக்குன்னே கிளாஸ்னு ஒரு தனி புரோகிராம் துண்டு எழுதி வச்சிருந்தாங்க. தலைப்பையும் விவரத்தையும் குடுத்தா போதும். அடைப்புக்குறி, மேற்கோள், கமா எல்லாம் அதுவே போட்டுக்கும். நான் சும்மா இருந்தேனா? எலி புடிக்க மலையைத் தோண்டுறீங்களேன்னு நாலு பேர் முன்னாடி கிண்டலடிச்சேன். அதைத் தூக்கிட்டு, விவரத்தையும் அடைப்புக்குறியையும் பிளஸ் குறி போட்டு நானே ஒட்ட வச்சேன். நல்லாத்தான் ஓடுச்சு.

அன்னைக்குக் காலையில அத்திப்பள்ளி லோடு. டிரைவர் அண்ணனுக்கு அன்னைக்கு மகளோட வளைகாப்பு, பாரூர்ல, அவ மாமியார் வீட்டுல. மதியத்துக்குள்ள போய் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். மாத்து டிரைவர் இல்லாததால, ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி லோடை இறக்கிட்டு ஓடிடுறேன்னு வந்திருந்தார்.

பில் வரல. சைட் திருப்பித் திருப்பி அனுப்புச்சு. அவர் என் மேசை ஓரமா வெள்ளை வேட்டியில நின்னாரு. என்ன சார் ஆச்சுன்னு கேட்டதுக்கு, வெக்கமில்லாம, சர்வர் பிரச்சினைன்னேன்.

மேடம் எழுந்து வந்து பாத்தாங்க. புது பார்ட்டி முகவரி அது. நம்ம ஊர்ல அடையாளம் சொல்லாம முகவரி ஏது? டெஸ்பாட்ச்ல எண்டர் தட்டி, அடுத்த வரியில 'மாரியம்மன் கோயில் எதிரில்'னு போட்டிருந்தாங்க. அந்த எண்டர்லதான் நான் ஒட்டுனது அறுந்து கிடந்துச்சு. அவங்க கிளாஸ் அந்த மாதிரி எண்டரையெல்லாம் பக்குவமா மாத்திக் குடுக்கும். பழைய பதிப்புல இருந்து அதை எடுத்துச் சேத்தாங்க. தன் சீட்டுக்குத் திரும்பிட்டாங்க. பில் வந்துடுச்சு. ஆனா மணி பன்னெண்டு தாண்டியிருந்துச்சு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

மறுநாள் அவர் இனிப்புப் பொட்டலத்தோட வந்தாரு. போய்ச் சேர முடிஞ்சுதாண்ணான்னு கேட்டேன்.

"எங்க சார். அப்பா வந்தாத்தான் கெளம்புவேன்னு வாசல்லயே நின்னிருக்கா. நேரமாயிடுச்சுன்னு மச்சான் கூட்டிட்டு வந்துட்டான். உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? அந்த சர்வரோட எவ்வளவு மல்லுக்கட்டுனீங்க."

சர்வர்னதும் மேடம் தலை நிமிந்து என்னைப் பாத்தாங்க. அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம். நான் பொட்டலத்தை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.