பூப்பாறையில் பெய்த டிரேஸ் மழை

போன ஆனி மாதம் ஒரு புதன்கிழமை போடியிலிருந்து பூப்பாறைக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. என் மகன் வழிப் பேத்தியை, அங்கே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் பையனுக்குக் கேட்டார்கள். அவளுக்குச் சம்மதம். நான் சரி சொல்ல வேண்டும் என்று வீடே காத்திருந்தது. பையன் என் நாத்தனார் பேச்சியின் பேரன். அதனால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் மூன்று மாதம் படுக்கையில் கிடந்து போனார். கூடப் பிறந்தவள் பேச்சி வந்து பார்க்கவே இல்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். (ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. செல்போனில் நான் பேசப் பேச அதுவே எழுதுகிறது. பேத்தி பிழை மட்டும் திருத்துகிறாள். இந்த இடத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.)

காலை ஆறு மணி பஸ். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும்.

"ஆத்தா, சொட்டர் கொண்டாரலையா? மேல சாரல்" என்றார் கண்டக்டர்.

"ஆனி மாசத்துல எதுக்கு அப்பு சொட்டரு?" என்றேன். போடிமெட்டு வந்ததும் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பற்கள் கிட்டிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பூப்பாறையில் இறங்கி ஜீப்பில் தோட்டத்துக்குப் போனபோது எட்டரை. பையன் ஆபீஸ் முன்னால் மழை அளக்கும் உருளையைத் திறந்துகொண்டிருந்தான். தினமும் எட்டரைக்கு அளக்க வேண்டுமாம். உள்ளே இருந்ததைக் கண்ணாடிக் குழாயில் கவிழ்த்தான். முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.

"ஒண்ணுமில்லையே. சைபர்னு போட்டுட்டு வெரசா வா, குளிருது."

"சைபர் போட முடியாது அம்மாச்சி. மழை பேஞ்சிருக்கு. உங்க சேலையே நனைஞ்சிருக்குல்ல."

"அப்ப ஒண்ணுன்னு போடு."

"அளக்குற அளவுக்கு இல்லையே. இதுக்கு டிரேஸ்னு போடணும். பேஞ்சுச்சு, அளவுக்கு வரலைன்னு அர்த்தம்."

"சைபர் போட்டா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாக. நாளைக்குப் பாக்குறவுக அன்னைக்கு மழையே இல்லைன்னு நெனச்சுக்குவாக."

பலகையில் டிரேஸ் என்று எழுதினான். மழை அளக்கிற எல்லா இடத்திலும் இந்த இங்கிலீஷ் வார்த்தைதானாம். மாதக் கடைசியில் கூட்டும்போது அதனால் ஒன்றும் சேராது. ஆனால் அந்த நாளை மழையில்லாத நாள் என்றும் சொல்ல முடியாது.

மத்தியானம் பையன் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பேச்சி ஆரம்பித்தாள். "மதினி, நான் வரவேயில்லைன்னு ஊரெல்லாம் சொல்றீகளாமே. சாத்துக்குடி வாங்கிட்டு வந்தேன்ல?"

எனக்கு மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், பச்சைச் சேலை. வாசப்படியில் நின்று பையைக் கொடுத்தாள். கடைசி ஜீப்பு போயிரும் என்று திரும்பிவிட்டாள். பழங்களில் ஒன்று அழுகல். இதை அவள் வந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"வந்தே. உள்ள வந்தியா? அண்ணன் மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கத் தெம்பு இல்ல மதினி."

பையன் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. அவனைப் பிடித்தேன். "ஏப்பு, நீ சொல்லு. ஒங்க அப்பத்தா வந்த கணக்கா, வராத கணக்கா?"

கொஞ்சம் யோசித்தான். "டிரேஸ், அம்மாச்சி."

"என்னடா, இங்கிலீசுல என்னைய வையிறியா?" என்று பேச்சி கரண்டியை ஓங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெண் கேட்கிற இடத்தில், என்னைக் குளிர்விக்க, அவள் வரவில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சோறு போடுகிற அப்பத்தாவுக்காக வந்தாள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் நாளைக்கு என் பேத்தியிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டான் என்று பட்டது. பேச்சி மேல் கோபம் ஆறவில்லை. ஆனால் இனி வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன். வாசப்படி வரை வந்தாள் என்று சொல்வேன். அது இன்னும் நன்றாக உறைக்கும்.

பூப்பாறைக்குப் போகிறவர்கள் கீழே இருக்கும் வெயிலை நம்பாமல் சொட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றும் ஆள் என்றால் பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். திரும்ப மதியம் இரண்டு மணி பஸ் நல்லது. அதற்குமேல் மூடுபனி இறங்கிவிடுகிறது.

நான் திரும்பி வந்த அந்த பஸ் முந்தலை நெருங்கியபோது பேத்தி போன் செய்தாள். "என்ன அப்பத்தா சொல்லிட்டு வந்தே?"

"சேலை எடுக்க மதுரைக்குப் போவமா, போடியிலயே பாத்துக்கிருவமா?" என்றேன்.