அப்பா அடைத்த தெரு

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த கொல்லைகளை மனை போட்டு விற்ற காலம் அது. நாலு கல் நட்டவனெல்லாம் அதற்கு ஒரு நகர் என்று பெயர் வைத்தான். அப்படி ஒரு நகரில் அப்பா வீடு கட்டினார். ரெண்டே வருஷத்தில் எதிர்க் கொல்லையும் நகராகிவிட்டது. அதன் தெரு எங்கள் தெருவில் வந்து சேருவதாக ஏற்பாடு. சேர்ந்திருந்தால் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

ஆனால் அது வந்து முட்டுகிற இடம் எங்கள் வாசல். தெருக்குத்து! அப்படி ஒரு தெரு வீட்டைப் பார்த்து வந்தால் குடும்பம் உருப்படாதாம். "எதிர்ல ஒரு புள்ளையாரை வெச்சா ஆச்சு" என்றாள் அம்மா. அப்பாவுக்குப் பிள்ளையாரைவிடச் செங்கல் மேல்தான் நம்பிக்கை. எதிர் நகர்க்காரர்களிடம் போய்ப் பேசினார். எங்கள் மாடு கன்று அவர்கள் பக்கம் வராதென்றால் அவர்களுக்குக் கசக்குமா? ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பியது. அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரரும் ஒன்று எழுப்பினார். ஊர் என்னவோ வளர்ந்துகொண்டுதான் இருந்தது. போக வர வழிதான் இல்லை.

கல்யாணமாகித் திண்டிவனம் போன நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். ஒரு மத்தியானம் வலி எடுத்தது. "ஜல்தி ஓட்டுப்பா" என்று ஜட்கா வண்டிக்காரரை விரட்டினார் அப்பா. எங்கே ஓட்டுவது? சுவருக்கு மேலே ஆஸ்பத்திரி வேப்பமரம் தெரிகிறது. வண்டியோ அதற்கு முதுகைக் காட்டிக்கினு, ஊரைச் சுற்றப் போகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தச் சுவரை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளை செத்துப் பிறந்துவிடுமோ என்று பயந்து அழுதேன்.

ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் பொறுக்கவில்லை. வண்டியிலேயே பிறந்துவிட்டான். அம்மா புடவையை மறைப்பாகக் கட்டினாள். வழியில் போன ஒரு பூக்காரம்மா குழந்தையைக் கையில் ஏந்தினாள்.

பத்தாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடித்துக்கொண்டிருந்தார்: "தெருக்குத்து இல்லாத வூடு. அதான் தாயும் புள்ளையும் பொழைச்சாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா, வண்டி எங்க நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்குதா? நாலு ரோடும் கூடற எடத்துல. உங்க பேரன் மேல எத்தினி தெரு வந்து முட்டுச்சுன்னு எண்ணிச் சொல்லுங்க."

அப்பா தொட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். அப்புறம் கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கினு வந்தார்.