பூட்டாத வீடுகள்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நான் வேலை பார்ப்பது இன்வெர்ட்டர் விற்றுப் பொருத்தித் தரும் சிறிய நிறுவனத்தில். எந்த வீட்டுக்கு எப்போது ஆள் அனுப்புவது என்று திட்டமிட, கிளவுடில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் ஏஐ சேவை ஒன்றை எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். முதலாளி சம்மதித்து, அதைக் கவனிக்கும் பொறுப்பையும் எனக்கே தந்தார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. வண்டிகளின் வீண் அலைச்சல் குறைந்தது, புகார் அழைப்புகள் குறைந்தன, ஒரு நாளில் கூடுதல் வீடுகள் முடிந்தன. கரமனைப் பகுதி மட்டும் இடித்தது. அங்குள்ள அக்ரகாரத் தெருக்களுக்குப் போன ஆட்களிடமிருந்து, சேவையின் மொபைல் ஆப்பில் 'வீடு பூட்டியிருந்தது' என்றே பதிவுகள் வந்தன. அவற்றை நம்பிய சேவை, அந்தத் தெருக்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. காத்திருந்தவர்கள் ரத்து செய்யத் தொடங்கினார்கள்.

"இந்த மாசம் கழியட்டு. சரியாகலைன்னா பழையபடி போன் பண்ணிக்கலாம், கேட்டோ," என்றார் முதலாளி. அதோடு என் பொறுப்பும் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பொருத்தும் அண்ணாவோடு நானும் கரமனைக்குப் போனேன். பாறசாலைக்காரர். பதினொரு மணிக்குப் போனபோது கதவு அகலத் திறந்திருந்தது. வீட்டு மாமி எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"புது சாமானோன்னோ, ராகு காலம் போகட்டும். பன்னெண்டுக்கு மேல பேஷா மாட்டுங்கோ."

மாமி உள்ளே போனதும் கேட்டேன்: "பூட்டின வீடுன்னா இதுதானாண்ணா?"

"வேற என்ன செய்ய, மோளே? இங்க இருந்தா அடுத்த வீடு தப்பும். கிளம்பினா ஆப்பு காரணம் கேக்கும். காப்பி குடிச்சோம்னு ஒரு காரணம் அதில இல்லையே."

அன்றே இரண்டு மாற்றங்கள் செய்தேன். முன்பதிவின்போதே, எந்த நேரத்தில் தொடங்கலாம் என்ற கேள்வி. ஆப்பில், 'வேறு நேரம் கேட்டார்கள்' என்ற காரணம். பழைய பதிவுகளை அண்ணா ஒவ்வொன்றாக நினைவுபடுத்தித் திருத்தித் தந்தார். ராகு காலத்தில் வேறு பகுதிகளுக்கும் மற்ற நேரத்தில் கரமனைக்கும் வண்டி போனது. ரத்துகள் நின்றன.

மாதக் கடைசிக் கூட்டத்தில் முதலாளி கேட்டார்: "பூட்டியிருந்ததுன்னு போட்டது ஆரு?"

நான் வாய் திறக்கும் முன்பே அண்ணா, "ஞான்தான் சாரே," என்றார்.

"இனி உள்ளதைப் போடு. அது போதும்," என்று சொல்லிவிட்டு, சேவையை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொன்னார். இன்றும் அதை நான்தான் கவனிக்கிறேன். அண்ணா அன்று மழுப்பியிருக்கலாம், முதலாளி கோபப்பட்டிருக்கலாம். இருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.