ஆடியில் முடிகிற பெர்மிட்

வீட்டுப் பிளான் வரைந்து பஞ்சாயத்தில் பெர்மிட் வாங்கித் தருவது என் தொழில். அந்த பெர்மிட்டுக்கு ஆயுசு ஐந்து வருஷம்தான் என்று புரியவைப்பதற்குள் அந்த ஐந்து வருஷமும் ஓடிவிடும். கான்ட்ராக்டர் இல்லாமல் தானே நின்று வீடு கட்டி, பாதிச் சுவரோடு முழித்துக்கொண்டிருக்கும் சக துன்பவாசிகளே, இவை வடகரப்பதிப் பக்கத்துக் கதைகள் என்றாலும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பீரோவில் பத்திரம்

ரங்கசாமி அண்ணன் தென்னந்தோப்புக்காரர். ஒரு குழிகூட வெட்டாமல் ஐந்து வருஷத்தையும் போக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் ஜே.சி.பி.யை வரச் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்து ஓடினேன். "அண்ணா, பெர்மிட் போன மாசமே காலாவதிங்க" என்றேன். ஊசிப்போன பலகாரத்தை விற்றவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "உபயோகிக்கவே இல்லீங்க, அப்பறம் எப்புடிங்க காலாவதி ஆகும்? மடிப்புக் கலையாம பீரோவுல புத்தம்புதுசா இருக்குதுங்க!"

ஆவணிக் கணக்கு

சின்னசாமி காய்கறி விவசாயி. தோட்டத்து வேலை ஓய்ந்த நாட்களில் தானே கல் அடுக்கி வீடு கட்டுகிறார். முன்னறை அவர் அப்பாவுக்காக. பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர், வழியில் போகிறவர்களோடு பேசிக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் அந்த அறையே. இதற்கிடையில் வாசலில் இருந்த வண்டிப்பாதை பஞ்சாயத்து ரோடாகிவிட்டது. பழைய பெர்மிட் உயிரோடு இருக்கும்வரை கவலை இல்லை. அது போய்ப் புது பெர்மிட் என்று வந்தால் ரோட்டுக்கு இடம் விட வேண்டும். முன்னறையை இடிக்க வேண்டியதுதான்.

ஆடி பிறந்ததும் போன் செய்து, இந்த மாதக் கடைசிக்குள் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். மனிதர் அசரவில்லை. பெர்மிட் கைக்கு வந்தது ஒரு ஆடியில். ஆடியில் தொடக்கூடாது என்று அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, ஆவணியில் பூமி பூஜை போட்ட நாளிலிருந்து ஐந்து வருஷத்தை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். "பூசை போட்டதுக்கப்பறந்தானுங்க அதுக்கு உசுரே வந்துது. ஆவணி வரைக்கும் டைம் இருக்குதுங்க."

கட்டிலிலிருந்து தடை உத்தரவு

விண்ணப்பத்தோடு அவர்கள் குடியிருக்கும் பழைய வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். சின்னசாமி ஒருவழியாகப் பேனாவை எடுத்தார். "ஆடியில ஊட்டுக் காரியத்துக்குக் கையெழுத்தா? வெய்யிடா பேனாவை!" என்று கட்டிலிலிருந்து பெரியவர் ஒரு சத்தம் போட்டார். பேனா கீழே போய்விட்டது. யாருக்காக அறையோ, அவரே அதை இடிக்க வழி பண்ணுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நான் விதியைச் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைச் சொன்னார். இருவரும் விடுவதாக இல்லை.

சின்னசாமியின் மனைவி சரசு மோர் கொண்டு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மாமனார் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார்: "ஏனுங் மாமா, அந்தப் பெர்மிட்டு வந்ததும் ஆடியிலதானுங்க. வேண்டாமுன்னு திருப்பியா குடுத்தோம்?"

ஜன்னலோர விசாரணை

கையெழுத்து விழுந்தது, நீட்டிப்பும் வந்தது. ஆவணி பிறந்ததும் முன்னறைக்கு மட்டும் முதலில் மேலே கான்கிரீட் போட்டார்கள். தளம் இறுகியதும் கட்டிலை ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டார்கள். போன வாரம் பைக்கில் அந்தப் பக்கம் போனபோது, பெரியவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு களை! பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ரோட்டில் போன ஒருவரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரும் சொந்தமாக வீடு கட்டுகிறவராம். பெர்மிட் எப்போது முடிகிறது என்று கேட்டதற்கு, ஆவணியா, தையா என்று அவர் யோசித்துத் தடுமாற, பெரியவரின் அதட்டல் என் பைக் சத்தத்தையும் மீறிக் கேட்டது: "பூசை போட்ட நாளை ஆரு கேட்டா? காயிதத்துல என்ன தேதி போட்டிருக்குது, அதைச் சொல்லு!"

பிளான் வரையச் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே பஞ்சாங்கம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்திருந்தால், என் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும்.