பாலத்தில் மூன்று வாரம்

மகள் கல்யாணமாகி சிங்கப்பூரின் மறுகோடியில் இருக்கும் பொங்கோலுக்குக் குடிபோனபோது தன் பழைய கேம் கன்சோலை எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஒரு மழை ஞாயிறன்று தூசி தட்டுவதற்காகக் கையில் எடுத்தேன். தட்டியதோடு வைக்காமல் டிவியில் மாட்டிப் பார்த்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீடியோ கேம் ஆடுகிற ஆள் இல்லை.

திரையில் முதலில் வந்தது ஒரு கேள்வி. ஈசி, நார்மல், ஹார்ட் என்று மூன்று நிலைகள், எது வேண்டும்? ஈசிக்குக் கீழே, கதையை மட்டும் ரசிக்க விரும்புகிறவர்களுக்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

நான் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சை எழுதினேன். வந்த மதிப்பெண்ணைப் பார்த்து என்னை, மெதுவாகப் படிக்கிறவர்களுக்கான வழக்கநிலைப் பிரிவில் போட்டார்கள். பதினாறு வயதில், உயர்நிலை நான்கோடு படிப்பு முடிந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் நல்ல நண்பர்கள் எல்லாரும் அங்கே கிடைத்தவர்கள்தான். ஆனால் உனக்கு எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. இது கேட்டது. நான் ஈசியை அழுத்தினேன்.

காணாமல் போன தம்பியைத் தேடி ஓர் இளம்பெண் பனிமலையைக் கடந்து போகிறாள். கூட ஒரு நொண்டிக் குதிரை. அதுதான் கதை.

என் மனைவி ஞாயிறு காலையில் தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வருவாள். மாலையில் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து உருவுவாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு? இந்தக் குளிர்ல எங்க போகுது?"

"தம்பியத் தேடிப் போகுது."

"குதிரை நொண்டுதே. வேற குதிரை குடுக்கமாட்டாங்களா?"

அவளுக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. அதனால் வசனங்களை நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வசனம் வரும், எனவே அவசரமில்லை. முதலில் சும்மா சொன்னேன். பிறகு என்னை அறியாமலேயே குரல் மாறியது. சுங்கம் வசூலிப்பவனுக்கு என் பழைய சூப்பர்வைசரின் மூக்குக் குரல். சத்திரக்காரிக்கு எங்கள் மாடிவீட்டு அம்மாவின் இழுப்பு. மனைவி சிரித்ததில் மடியிலிருந்த கீரை தரையில் கொட்டியது.

கிடங்கில் நாள் முழுக்க நான் பேசுவது "ஓகே", "ரெண்டு பெட்டி", "நாளைக்கு வரும்" அவ்வளவுதான். கல்யாண வீட்டில் யாராவது மைக்கை எடுத்தால் நான் கழிவறைப் பக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்டவன் ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேராகப் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல கட்டம் வந்தால் மனைவியின் கை நின்றுவிடும். அரை மணி நேரத்துக் கீரை இரண்டு மணி நேரம் ஆகும்.

மனைவியின் தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். எந்த கேமையும் ஹார்டில் மட்டுமே ஆடுபவன். ஒரு ஞாயிறு மட்டன் சாப்பாட்டுக்கு வந்தவன் கன்ட்ரோலரை எடுத்து செட்டிங்ஸைத் திறந்தான்.

"என்ன அத்தான் இது, ஈசியா? சோறு ஊட்டி வாயத் தொடச்சு விடறாங்களா லா உங்களுக்கு?"

நான் சிரித்தேன்.

"இதே கேம்தான், நான் ரெண்டு தடவ முடிச்சுட்டேன். ரெண்டும் ஹார்ட். எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணுகூட ஹார்ட்லதான் ஆடுது."

அவன் போனதும் ஹார்டுக்கு மாற்றினேன். மாற்றிய இடத்திலிருந்து ஹார்டிலேயே முடித்தால் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிரீடம் வரும். மச்சான் அவன் வீட்டிலிருந்தே இணையத்தில் அதைப் பார்க்கலாம். பார்க்கட்டும் என்றுதான் மாற்றினேன்.

அடுத்து வந்தது ஒரு பாலம். நடுவில் கோடரியோடு ஒரு பூதம். அதன் கையால் ஓர் அடி வாங்கினால் அந்தப் பெண் செத்துப்போவாள், பாலத்தின் முனையிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். முதல் ஞாயிறு மனைவி ஏழு தடவை பார்த்தாள்.

"திரும்பவும் மொதல்லேர்ந்தா?"

"இந்தத் தடவ தாண்டிடுவேன்."

இரண்டாம் ஞாயிறு கீரை இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு அவள் கூடத்துக்கு வரவே இல்லை. சமையலறையில் நின்றபடியே உருவினாள். அவள் போனில் ஏதோ நாடகம் ஓடுவது கேட்டது.

எனக்கு அதில் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். கோடரி தூக்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணி உருள வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொண்டது. ஒரு தடவை முக்கால் பாலம் போய்விட்டேன், உள்ளங்கை வியர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், சொல்ல யாரும் இல்லை. சொல்லவும் ஒன்றும் இல்லை. பூதம் பேசாது.

அதற்கடுத்த ஞாயிறு மச்சான் வந்தான்.

"பாலம் தாண்டியாச்சா அத்தான்?"

"இன்னும் இல்ல."

"பரவால்ல. எனக்கே நாலு நாள் ஆச்சு."

சமையலறையிலிருந்து மனைவி கீரைக் கட்டோடு வெளியே வந்தாள். "மூணு வாரமா அந்தப் பொண்ணு பாலத்துலயே செத்துக்கிட்டு இருக்கு. அவ தம்பி என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும். எல்லாம் உன்னாலதான்டா."

"கஷ்டப்பட்டு ஆடுனாதான்க்கா அதுக்கு மதிப்பு."

"அப்படியா? தைப்பூசத்துக்கு நீ என்ன எடுக்கற?"

"பால்குடம்."

"சிராங்கூன் ரோட்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் உன் பக்கத்துலயேதான் நடந்து வந்தேன். ஏன்ப்பா அலகு குத்திக் காவடி எடுக்கலன்னு யாராச்சும் உன்னக் கேட்டாங்களா?"

"அது சாமி விஷயம் லா. அது வேற."

"முருகனே கேக்கல. நீ வந்து என் வீட்டுக்காரரக் கேக்கற."

மச்சான் சிரித்துவிட்டான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கன்ட்ரோலர் என் கையில் இருந்தது.

செட்டிங்ஸைத் திறந்தேன். நிலையைக் குறைத்தால் கிரீடம் கிடைக்காது, சம்மதமா என்று கேட்டது. மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். காது சூடானது. சம்மதம் என்று அழுத்தினேன். பூதம் இரண்டே அடியில் ஆற்றில் விழுந்தது.

மனைவி செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள்.

பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு கிழப் படகோட்டி உட்கார்ந்திருந்தார். வசனம் திரையில் வந்து நின்றது. இதை நான் யோசிக்கவில்லை. குரல் மாற்றிப் பேசுவதை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை. அவள் ஒரு கீரைக்காம்பைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"உன் தம்பிய நான் பாத்தேன்னு சொல்றாரு," என்றேன்.

"அப்படி இல்ல. எப்பவும் போலச் சொல்லுங்க."

டிவியை மட்டும் பார்த்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னேன். "உன் தம்பிய நான் பாத்தேன் தாயி. இந்தக் கையாலதான் அக்கரையில எறக்கி விட்டேன். கால்ல செருப்புகூட இல்ல."

மச்சான் சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இருங்க அத்தான். தம்பி உயிரோடவா இருக்கான்?"

"நீதான் ரெண்டு தடவ முடிச்சியே," என்றாள் மனைவி.

"பேசற இடமெல்லாம் ஸ்கிப் பண்ணிடுவேன்க்கா. சண்ட மட்டும்தான்." அவன் என்னைப் பார்த்தான். "அப்புறம் என்ன சொல்றாரு அந்தக் கெழவரு?"

மனைவி கீரைக் கட்டில் பாதியை அவன் பக்கம் தள்ளினாள். "கேக்கறதுன்னா சும்மா ஒக்காராத."

அவன் ஒரு காம்பை எடுத்து உருவத் தொடங்கினான். நான் பொத்தானை அழுத்தினேன். அன்று மூன்று பேர் உருவியும் கீரை முடியவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.